அலமாரியில் உறங்கும் செவிக் கருவி

மூக்குக் கண்ணாடி அணிந்து கோயிலுக்கு வருபவரைக் கண்டு, "ஐயோ, இவருக்குப் பார்வை போயிற்றே" என்று யாரும் இரங்குவதில்லை. அதை முகத்துக்கு அழகென்று கருதி, விலை உயர்ந்த சட்டமாகத் தேடி வாங்குவோரும் உண்டு. பல் கட்டிக்கொண்டவர் தாராளமாய்ச் சிரிக்கிறார். காதிலே ஒரு சிறு கருவி வைத்துக்கொண்டவருக்கு மட்டும் நம் ஊர்களில் உடனே ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயருக்கு அஞ்சியே, வாங்கிய கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கேட்காத காதோடு காலம் தள்ளும் முதியவர்கள் நம் பங்குகளில் எத்தனையோ பேர்.

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது இதனை நாம் பலமுறை கண்டதுண்டு. கருவிகளுக்கு இன்று எவர் வீட்டிலும் பஞ்சமில்லை. பேரன் கையில் கைப்பேசி, மருமகள் சமையற்கட்டில் பாட்டுப் பெட்டி, சுவரை அடைத்துக்கொண்டு தொலைக்காட்சி. இத்தனைக்கும் நடுவில் பாட்டனாரோ பாட்டியோ சுவரோரமாக நாற்காலியில் அமர்ந்து, எல்லாருடைய வாயசைவையும் பார்த்துக்கொண்டிருப்பார். "அவங்களுக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம் சாமி, போடமாட்டேங்கறாங்க, பிடிவாதம்" என்று வீட்டார் முறையிடுவார்கள். பிடிவாதம் என்ற அந்தச் சொல்லை அத்தனை எளிதில் ஏற்றுக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

காரணம் சொல்கிறோம். நாம் பணியாற்றிய ஒரு பங்கில், மாதந்தோறும் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவர், ஓராண்டுக்கும் மேலாக அந்தப் பக்கமே வரவில்லை. பூசைக்கு வருவார், செபமாலை சொல்லுவார், பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் கண்டால் மட்டும் ஒதுங்கிப் போவார். யாரோடாவது பகையோ, மனதில் ஏதேனும் பாரமோ என்று அயலார் பேசிக்கொண்டனர். வீட்டுக்குச் சென்றபோது தனியே அமரவைத்து மெதுவாகக் கேட்டோம்.

"பகையெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. சாமி சொல்ற புத்தி எனக்குக் கேக்கல. என்ன அபராதம் குடுத்தீங்கன்னும் தெரியல. எனக்குக் கேக்கணும்னு சாமி சத்தமாச் சொன்னா, பின்னால வரிசையில நிக்கிறவங்களுக்கெல்லாம் கேட்டிரும். அந்த வெக்கத்துக்கு வராமலே இருந்துட்டேன்."

பாவசங்கீர்த்தனத்தில் பேசப்படுவதைத் தற்செயலாகக் கேட்க நேர்ந்தவரையும் இரகசியம் காக்கும் கடமை கட்டுகிறது எனத் திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் எண் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் சட்டத்தின் எண்ணைச் சொல்லி ஒரு கிழவியின் கூச்சத்தைப் போக்க முடியுமா? அருளடையாளத்துக்கும் அவருக்கும் இடையே நின்றது கெட்ட மனம் அன்று, கேளாத காது. பகை என்று ஊர் பேசியதும், பிடிவாதம் என்று வீடு பேசியதும் இதைத்தான்.

அவருக்கும் கருவி இருந்தது. வெளியூரிலிருந்த மகன், விளம்பரம் பார்த்துப் பணம் கட்டித் தபாலில் வரவழைத்துக் கொடுத்திருந்தான். "போட்டா கூய்னு கத்துது. பாத்திரம் விழுந்தா இடி இடிக்கிற மாதிரி இருக்கு. ஆனா பேசறது மட்டும் புரியல" என்றார் அந்த அம்மாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையன்று. அதை விளங்கிக்கொள்ள, காது எவ்வாறு மங்குகிறது என்பதைச் சற்று அறிய வேண்டும்.

நமது உட்செவியில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர் அணுக்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுபவை அவையே. தலைமயிர் போல இவை உதிர்ந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையில் முதலில் அழிபவை, கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை வாங்கும் பகுதியிலுள்ள அணுக்களாகும். பேச்சில் உயிரோசைகள் தாழ்ந்த ஒலிகள். அவை நெடுநாள் கேட்கும். ச, த, ப போன்ற மெய்யோசைகளின் கூர்மையோ உயர்ந்த ஒலியில் இருக்கிறது. அது முன்னதாகவே மறைந்துபோகும். ஆகவே "சட்டி" என்றாலும் "தட்டி" என்றாலும் முதியவருக்கு "அட்டி" என்பது போல ஒன்று காதில் விழுகிறது. பேசுகிறார்கள் என்பது தெரியும், பேசியது இன்னதென்று தெரியாது. இந்த நிலையில் உரக்கக் கத்தினால் கேட்கும் ஓசைதான் இன்னும் பெரிதாகுமேயன்றிக் கேளாத ஓசை கேட்காது. கத்துகிறவரின் முகமும் கோபமுற்றதாய்த் தோன்றும். மாமியார் மருமகள் மனத்தாங்கல்களில் ஒரு பகுதி இங்கிருந்தே பிறக்கிறதென்பது நம் கருத்து.

தபாலில் வந்த அந்தப் பொருள் எல்லா ஓசையையும் ஒரே அளவாய்ப் பெருக்கித் தள்ளும் சாதாரண ஒலிபெருக்கி. உண்மையான செவிக் கருவி அப்படிப்பட்டதன்று. முதலில் காதைச் சோதித்து, எந்த ஒலி எவ்வளவு குறைந்துள்ளது என்று ஆடியோகிராம் என்னும் வரைபடம் எடுப்பர். குறைந்த இடத்தில் மட்டும் குறைந்த அளவுக்கு ஏற்றபடி கருவியைப் பொருத்துவர். 'கூய்' என்ற சத்தமும் பேய்க் கூத்தன்று. காதுக்குள் சென்ற ஒலி இடுக்கு வழியாய்க் கசிந்து, கருவியின் ஒலிவாங்கிக்குள் மறுபடியும் புகுவதால் எழுவது. கோயிலில் ஒலிவாங்கியைப் பெட்டிக்கு முன்னே கொண்டுபோனால் எழும் கூச்சலும் இதுவே. காதில் சரியாகப் பொருந்தும் அச்சு இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்தச் சிறு பொருளின் வரலாறு நம் வாசகருள் பலர் அறியாதது. தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரஹாம் பெல்லின் தாயாரும் செவிப்புலன் குன்றியவர், மனைவியும் கேளாதவர். அவரும் கேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியரே. அவர் பெயர் தாங்கிய ஆய்வுக்கூடத்தில் 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. அவர் நினைவை முன்னிட்டு, செவிக் கருவி செய்வோரிடம் மட்டும் அதற்கான உரிமைத் தொகையை அந்நிறுவனம் வாங்கவில்லை. டிரான்சிஸ்டர் என்றதும் நமக்கு நினைவு வருவது தோளில் மாட்டிய வானொலிப் பெட்டி. ஆனால் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது 1954-இல். செவிக் கருவியிலோ அது 1952-ஆம் ஆண்டின் முடிவிலேயே இடம்பெற்றுவிட்டது. இன்று நம் பிள்ளைகள் சட்டைப்பையில் வைத்துத் திரியும் அத்தனை மின்னணுப் பொருள்களுக்கும், கேளாத காதுக்குச் செய்த இந்தக் கருவி மூத்த அண்ணன் என்று சொன்னால் தவறாகாது. அண்ணனுக்குத்தான் வீட்டில் மதிப்பில்லை!

அம்மாளின் கதைக்கு வருவோம். மகனுக்கு எழுதச் சொன்னோம். அவன் விடுப்பில் வந்து, தாயை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றான். செவிக்குப் பின்னால் மாட்டும் வகைக் கருவி ஒன்றைப் பொருத்தினர். முதல் வாரம் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மின்விசிறியின் இரைச்சல், தம் செருப்பின் ஓசை, பக்கத்து வீட்டுக் குழாய், எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுந்தன. பல ஆண்டுகளாய் அமைதிக்குப் பழகிவிட்ட மூளை, தேவையான ஓசையையும் வேண்டாத ஓசையையும் மறுபடி பிரித்தறியச் சில வாரங்கள் ஆகும். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முதல் நாட்களில் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசி, ஒரு மணி, இரண்டு மணி எனக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நேராகக் கலியாண வீட்டுக்கு அணிந்து சென்றால் மறுநாள் கருவி அலமாரிக்குப் போய்விடும்.

பாட்டரி விஷயமும் அப்படியே. பொத்தான் போன்ற அந்தச் சிறு பாட்டரிகள் பெரும்பாலும் காற்றை உள்வாங்கி வேலை செய்பவை. மேலே ஒட்டியுள்ள வண்ணத் தாளை உரித்ததும் காற்று உட்புகும். ஓரிரு நிமிடம் பொறுத்தே கருவியில் இடவேண்டும். உரித்த தாளை மறுபடி ஒட்டிவைத்துச் சேமிக்க முடியாது. தாளின் வண்ணமே அளவைக் காட்டும்; ஆரஞ்சு என்றால் 13, பழுப்பு என்றால் 312, நீலம் என்றால் 675. எழுத்தறியாத பாட்டியும் வண்ணம் சொல்லி வாங்கலாம். இரவில் கருவியைக் கழற்றி, பாட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள டப்பாவில் வைக்கவேண்டும். நம் கடற்கரை ஊர்களின் வியர்வையும் உப்புக் காற்றும் இவற்றுக்குப் பகை. பாட்டரியைக் குழந்தைகள் கையில் எட்டாதவாறு வையுங்கள். எந்தப் பொத்தான் பாட்டரியை விழுங்கினாலும் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். இப்போது கைப்பேசி போல மின்னேற்றம் செய்யும் வகைகளும் வந்துள்ளன. விரல் நடுங்கும் முதியவருக்கு அவை வசதி, விலை அதிகம்.

இரண்டாம் மாதம் அந்த அம்மாள் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார். தொட்டியில் அல்ல, கதவைச் சாத்திய பக்கத்து அறையில், முகத்துக்கு முகம். என்ன பேசினோம் என்பது இங்கு வேண்டா.

எனினும் கோயிலில் பிரசங்கம் அவருக்கு இன்றும் பாதியே விளங்குகிறது. அது கருவியின் குற்றமன்று. உயர்ந்த கூரையும் வெறுஞ் சுவருமாய் உள்ள நம் கோயில்களில் ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் மறு சொல் வந்து மோதுகிறது. "கேட்கவில்லை" என்று யாரேனும் குறை சொன்னால் பங்குப் பேரவை கூடி இன்னும் பெரிய பெட்டி வாங்குகிறது. எதிரொலியும் பெரிதாகிறது! அந்தப் பணத்தில் செய்யத்தக்கது வேறொன்று உண்டு. பல மேலைநாட்டுக் கோயில்களில் சில வரிசைகளைச் சுற்றி ஒரு கம்பியை வளையமாகப் பதித்து, ஒலிபெருக்கியோடு இணைத்திருக்கிறார்கள். பல செவிக் கருவிகளில் 'டி' என்ற நிலை உண்டு. அதற்கு மாற்றிக்கொண்டால் வளையத்தின் காந்தப் புலம் வழியாகக் குருவின் குரல் மட்டும் நேரே காதுக்குள் வரும். எதிரொலியும் இல்லை, பின்வரிசைக் குழந்தையின் அழுகையும் இல்லை. அது இயலாத பங்கில், முதியோரைப் பீடத்தைப் பார்க்கும்படி முன்வரிசையில் அமர்த்துவதற்குச் செலவே இல்லை. கேளாதவர் பாதியைக் கண்ணால்தான் கேட்கிறார். குருக்களாகிய நாமும் புத்தகத்துக்குள் முகம் புதைத்து வாசிக்காமல் நிமிர்ந்து நிறுத்திப் பேசுவது நலம்.

பாட்டியின் காது வயதால் போயிற்று. பேரனின் காது எதனால் போகிறது? இயர்போனை மாட்டிக்கொண்டு உறங்கும் பிள்ளைகளை இன்று எல்லா வீட்டிலும் காண்கிறோம். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரமே பாதுகாப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. பேருந்தின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்பவன் ஒலியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறான் என்பதைப் பெற்றோர் ஒருமுறை வாங்கிக் கேட்டுப் பார்க்கட்டும். பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நம் திருவிழாச் சப்பரத்தின் முன் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி அதிரவைப்பதும், கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அதன் அருகே நடப்பதும் எந்தப் புனிதருக்கு மகிமை என்று நமக்கு விளங்கவில்லை. திருமுழுக்கில் அதே குழந்தையின் செவிகளைத் தொட்டு, இறைவார்த்தையைக் கேட்கத் திறக்கப்படும்படி செபித்தோமே!

உலகில் 60 வயதைக் கடந்தோரில் நால்வரில் ஒருவருக்கும் மேலானோர் வாழ்வைத் தடை செய்யும் அளவுக்குக் கேட்கும் திறன் இழந்தவர்கள் என்று மேற்சொன்ன நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முதுமையில் வரும் மறதி நோய்க்குத் தவிர்க்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக மருத்துவ அறிஞர்கள் இதனையும் எண்ணுகின்றனர். பேச்சில் கலக்காதவர் தனித்துப் போகிறார். தனித்துப் போனவர் மங்கிப் போகிறார்.

பணம் இல்லையே என்பார்க்கு வழி இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைக் கருவிகள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடைபெறுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கெனத் தனித் திட்டம் ஒன்று 2017-இல் தொடங்கப்பட்டது. மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் எந்தச் சான்றுகள் வேண்டும், முகாம் எப்போது என்று சொல்வார்கள். பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் ஒருவர் துணைக்குச் சென்றால் முதியவருக்கு அலைச்சல் குறையும். கருவியைப் பெற்றுக்கொண்டு திரும்புமுன், உடன் தந்த பாட்டரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவை தீர்ந்தால் அருகில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாம் கண்ட பல கருவிகள் அலமாரிக்குள் போனது முதற் பாட்டரி தீர்ந்த அன்றுதான்.