சம்பளக் கவருக்கு முன் கோர்ட் கவர்

கடன் வாங்கியவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர். வழக்கு நடந்து டிகிரியும் (தீர்ப்பாணை) ஆன பிறகு, சம்பள ஜப்தி உத்தரவுடன் கோர்ட் கவர் வந்து விழுவதோ மூன்றாவது ஆளின் மேசையில்: சம்பளம் போடும் முதலாளியின் மேசையில். சென்னை சிந்தாதிரிப்பேட்டை அச்சகங்களிலும் பட்டறைகளிலும் சட்டப் பிரிவு என்று தனியாக எதுவும் இருக்காது. கணக்கெழுதுகிறவர்தான் கவரைப் பிரிக்க வேண்டும். 'நமக்கெதற்கு வம்பு' என்று சிலர் அதை டிராயருக்குள் தள்ளிவிடுவார்கள். சிலர் பயந்துபோய் முழுச் சம்பளத்தையும் நிறுத்திவைப்பார்கள். இரண்டுமே தப்பு.

முதல் தப்பு முதலாளியின் கையைக் கடிக்கும். தனியார் ஊழியர் சம்பளத்தை ஜப்தி செய்யும் வழியை, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளையில் 1976 திருத்தத்தில் சேர்ந்த 48ஏ விதி சொல்கிறது. உத்தரவு கிடைத்தபின் அதை மீறி ஊழியருக்குக் கொடுத்த பணத்துக்கு முதலாளியே பொறுப்பு. பிடித்த தொகையைக் கடன் கொடுத்தவரிடம் நீட்டவும் கூடாது. கோர்ட்டில் கட்ட வேண்டும். ஏற்கெனவே வேறொரு ஜப்தி ஓடிக்கொண்டிருந்தால், அதன் முழு விவரத்தையும் எழுதி, புதிய உத்தரவை உடனே கோர்ட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனிக் கடிதமோ வக்கீல் நோட்டீஸோ மட்டும் வந்தால், அது கோர்ட் உத்தரவு ஆகாது. சந்தேகமிருந்தால் வழக்கு எண்ணை வைத்துக் கோர்ட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு பிடிக்கலாம்? அதே சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. மாதம் 25,000 ரூபாய் வாங்குபவருக்கு 17,000 பத்திரம்; 8,000 வரைதான் ஜப்தி. ஜீவனாம்ச டிகிரி என்றால் கணக்கு மாறும்: மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஊழியருக்குப் பாதுகாப்பு. மனைவி, பிள்ளைகளின் சோற்றுக்கான பணம் அது என்பதால் இந்தக் கடுமை நியாயமே. ஆனால் அந்த 1,000 ரூபாய் வரம்பு 2002இல் 400இலிருந்து உயர்ந்தது, அப்படியே நிற்கிறது. இன்றைய சென்னை வாடகைக்கு முன்னால் அதற்கு என்ன பொருள்? நாடாளுமன்றம் இதை என்றோ திருத்தியிருக்க வேண்டும்.

பலர் கவனிக்காத பாதுகாப்பு ஒன்று உண்டு. தொழிலாளர், வீட்டு வேலை செய்வோர் ஆகியோரின் கூலியை ஜப்தியே செய்ய முடியாது. திறன் பெற்ற தொழிலாளியும் இதில் அடக்கம். போனஸும் கூலியில் சேரும். கடனும் கூலியும் பின்னிய கதை சிந்தாதிரிப்பேட்டைக்குப் புதிதல்ல: 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. முன்பணம் கொடுத்து நெசவாளரைக் கட்டிப்போடுவது அந்நாளைய கம்பெனி வழக்கம். இந்தப் பேட்டையின் மெஷின்மேனுக்கு ஜப்தி உத்தரவு வந்தால், அவர் செய்யும் வேலை என்ன என்பதை முதலாளி கோர்ட்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் தொழிலாளியா என்று முடிவு செய்வது கோர்ட்டின் வேலை. 'விலக்கு வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதி வாங்கிய காகிதம் செல்லாது.

தேதியையும் குறித்துவைக்க வேண்டும். ஜீவனாம்சம் அல்லாத ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாதம் ஜப்தி நடந்துவிட்டால், அந்த டிகிரிக்கு அதன்பின் சம்பளத்தைத் தொட முடியாது. கணக்கர் மறந்தால் 25ஆம் மாதமும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

'கோர்ட் தலைவலி எதற்கு' என்று ஆளையே வீட்டுக்கு அனுப்பும் முதலாளிகளும் உண்டு. அமெரிக்காவில் ஒரு கடனுக்கான ஜப்தியைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்வதை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நமது சிவில் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை, சேர்க்க வேண்டும். வேலை போனால் கடன் கொடுத்தவருக்கும் பணம் வராது.

ஊழியர் தானாகவே விலகினால் அதைக் கோர்ட்டுக்குத் தெரிவிப்பது நல்லது. பிஎஃப், பணிக்கொடை இரண்டிலும் கை வைக்கக் கூடாது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் வங்கியில் வைப்புத்தொகையாக மாறினாலும் பாதுகாப்பு தொடரும் என்று 2008இல் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.