வயிற்றுக்குள் ஒரு மாநில சுயாட்சி

சிதம்பரத்தில் சம்பா சாதத்தைக் கத்தரிக்காய் கொத்சுவோடு பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டால், மெல்வதும் விழுங்குவதும் மூளையின் இலாகா. உணவுக்குழாயின் மேற்பகுதியில் இருப்பதுகூடக் கைகால்களில் உள்ளதைப் போன்ற வரித்தசைதான். மூளைத்தண்டு சொன்னால்தான் அசையும். கடைசி வாசலின் வெளிச் சுருக்குத்தசையும் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எல்லைக் காவல் மட்டும் மத்திய அரசிடம். நடுவில் இருக்கும் குடல் தன்னைத் தானே ஆண்டுகொள்கிறது. அதன் சுவருக்குள்ளேயே இரண்டு நரம்புப் பின்னல்கள் ஓடுகின்றன. வட்டத்தசைக்கும் நீள்தசைக்கும் இடையே அவர்பாக் என்பவர் கண்ட பின்னல் அசைவைக் கவனிக்கிறது. சளிப்படலத்துக்கு அடியில் மைஸ்னர் என்பவர் கண்டது முக்கியமாகச் சுரப்பையும் ரத்த ஓட்டத்தையும் கவனிக்கிறது. கொத்சுவின் கத்தரி விதை வந்து ஓர் இடத்தில் உரசினால், அதற்குப் பின்னால் குடல் இறுகும், முன்னால் தளரும். விதை நகர்ந்துவிடும்.

1899இல் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியல் ஆய்வாளர்கள் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்துவிட்டுப் பார்த்தார்கள்; தள்ளும் அலை நிற்கவில்லை. இதயத்தைப் போலத் தசையே தானாகத் துடித்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் பச்சிளங்குழந்தைகளிடம் இருக்கிறது. ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்று ஹிர்ஷ்ஸ்பிரங் நோயோடு பிறக்கிறது. பிறந்து இரண்டு நாளாகியும் கருமலம் போகாமல் வயிறு உப்பும். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் தசை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் நரம்புகளும் இருக்கின்றன, சொல்லப்போனால் தடித்தே இருக்கின்றன. இல்லாதது உள்ளூர் நரம்பணுக்கள் மட்டும். அந்தத் துண்டு இறுகிக் கிடக்கிறது, மலம் நகர மறுக்கிறது. அதை வெட்டி எடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கிறார்கள் அறுவை மருத்துவர்கள்.

பரீட்சைக்கு முன் வயிற்றைக் கலக்குகிறதே, அது யார் வேலை? மூளையின் தலையீடுதான்; இரைப்பைக்கு அதன் தயவு கூடுதலாகவே வேண்டியிருக்கிறது. ஆனால் மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் கீழிருந்து மேலே தகவல் கொண்டுபோகிறவை. அதற்காகக் குடலை ‘இரண்டாம் மூளை’ என்று கொண்டாடுவது எனக்கு உவப்பில்லை. அது யோசிப்பதில்லை, வேலையை மட்டும் பார்க்கிறது.

வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே பந்திக்குக் காத்திருப்பவரின் வெறும் வயிறு கடமுடவென்கிறதே, அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையில் கிளம்பும் அலை, மிச்சம் மீதியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு சிறுகுடலின் கோடிவரை போகிறது. மூளையோடு இருந்த நரம்புத் தொடர்பு அறுபட்டு, இன்னொருவர் உடலில் பொருத்தப்பட்ட சிறுகுடலிலும் அந்த அலை எழுகிறது. பந்தியில் உட்கார்ந்து நாலு கவளம் உள்ளே இறங்கியதும் பெருக்குவது நின்று, கலக்கிக் கடையும் வேறு அசைவு தொடங்குகிறது.