மணல்மேட்டைத் தாண்டி வாருங்கள்

ஜெய்சால்மருக்குப் போகிறவர்கள் சம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறி, பாட்டும் விளக்குமாக இருக்கும் கூடாரங்களில் ஓர் இரவு தங்கித் திரும்பிவிடுகிறார்கள். தார் பாலையின் உயிர்த்துடிப்பை அங்கே பார்க்க முடியாது. 3,162 சதுர கிலோமீட்டர் பரந்த பாலைவனத் தேசியப் பூங்காவில் மணல்மேடு ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் பாறைத்தரை, உப்புப் பள்ளம், புல்வெளி. நான் தங்கியது சுதாசரிப் பக்கம், சேவண் புல் அடர்ந்த இடத்தில்.

விடிந்ததும் கண்ணில் பட்டவை தெரிந்த முகங்கள்: எருக்கும் வன்னியும். நம் கோயில்களில் தல மரமாக நிற்கும் வன்னிதான் அங்கே கேஜ்ரி. வேர் வெகு ஆழம் இறங்குவதால் கோடையிலும் துளிர்க்கிறது. தழை ஆட்டுக்கு, காய் மனிதருக்கு. அந்தக் காயைக் கேர் காயோடு சேர்த்துச் செய்த புளிப்புக் கறியும் கம்பு ரொட்டியும்தான் எனக்கு மதிய உணவு.

நீர் அரிதான இடத்தில் இத்தனை உயிர்கள் எப்படி? சிங்காரா மான் இலை தழையிலிருந்தே பெரும்பாலும் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆண் கல்கௌதாரி குட்டையில் இறங்கி, வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு குஞ்சுகளிடம் பறக்கிறது. அவை இறகிலிருந்தே நீரை உறிஞ்சிக் குடிக்கின்றன! முள்வால் ஓணான் இரவில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. அந்தியில் ஒரு நரி ஓடியது. வால் நுனி வெள்ளை, ஆகவே அது பாலை நரி.

கானமயிலைத் தொலைநோக்கியில்தான் பார்த்தேன். ஒரு மீட்டர் உயரம். ஆண் 15 கிலோ வரை இருக்கும். ஒரு காலத்தில் தமிழகத்திலும் திரிந்த பறவை. இன்று இயற்கையில் எஞ்சியவை 150க்கும் குறைவு. பெரும்பாலும் ஒரே முட்டை, அதுவும் வெறுந்தரையில். நேர் எதிரே இருப்பதை அதன் கண் சரியாகக் காணாது. உடல் கனத்தால் சட்டென விலகவும் முடியாது. மின்கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளை நிலத்தடியில் பதிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. 2024இல் அதைத் தளர்த்தியது. அந்தக் கம்பிகள் கொண்டுசெல்லும் சூரிய மின்சாரம் வேண்டியதுதான். ஆனால் இந்தப் பறவைக்கு வேறு வானம் கிடையாது.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், இரவுக் குளிருக்குக் கம்பளியோடு. வண்டியைப் பாதையை விட்டுப் புல்லில் இறக்கச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள்.