கிராண்ட்பாஸா, புத்தளமா? ஒரு குடும்பத்தின் கொப்பிக் கணக்கு

சென்ற வருடம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது நானா எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு கடிதம். அவர் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கும் கிராண்ட்பாஸ் மாடி வீட்டின் உரிமையாளர் அனுப்பியது. ஆறு மாதத்தில் வீட்டை விட வேண்டும். இல்லையேல் மாத வாடகை 38,000 ரூபாவிலிருந்து 65,000 ஆகும், ஒரு வருட முற்பணமும் தர வேண்டும்.

"என்ன செய்யிற தம்பி? மகன் புத்தளத்துக்குப் போவம் எண்டு சொல்றான். அங்க இருபத்தையாயிரத்துக்கு முத்தத்தோட வீடு இருக்காம்."

இப்பேச்சு இன்று எமது பகுதியில் பல வீடுகளில் நடக்கிறது. 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது, செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் 69.8 வீதப் பணவீக்கத்தைக் காட்டியது. அதன் பின்னர் பணவீக்கம் தணிந்தது. ஆனால் ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று எண்ணிக்கொள்ளும் வியாபாரிகள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரியும் 18 வீதம் ஆகிவிட்டது. இந்த நெருக்கடியில் "வெளியூரில் மலிவு" என்ற சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அது எவ்வளவு உண்மை என்று பார்க்க நானாவும் நானும் ஒரு கொப்பி வாங்கினோம்.

கிராண்ட்பாஸ் என்ற பெயரே களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை என்ற கருத்தில் போர்த்துக்கீசர் வைத்தது. ஆற்றைக் கடந்தால் பேலியகொடை. அங்கே பாதை பிரிகிறது. ஒன்று கண்டிக்கு, மற்றது நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளத்துக்கு. இரண்டாவது பாதையில் சுமார் 130 கிலோமீற்றர், பஸ்ஸில் நான்கு மணித்தியாலம். மூன்று தடவை போய் வந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு சந்தை நாள், ஒரு மழை நாள். வீடோ கடையோ பார்க்கப் போகிறவர் மழை நாளில் ஒரு தடவை கட்டாயம் போக வேண்டும்.

முதலில் சாப்பாடு. நானாவின் வீட்டில் ஆறு பேர்: நானா, மதினி, எமது உம்மா, வியாபாரத்துக்கு வந்துவிட்ட மகன், பாடசாலை போகும் இரண்டு மகள்மார். கிராண்ட்பாஸில் மாதச் சாப்பாட்டுச் செலவு 95,000. புத்தளத்தில் மீன் மலிவு, இறால் மலிவு, கற்பிட்டிப் பக்கத்து வெங்காயமும் மரக்கறியும் மலிவு. தேங்காய் பக்கத்திலேயே காய்க்கிறது. ஆனால் 2025 ஆரம்பத்தில் தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தவரும் அதே விலைதான் கொடுத்தார். அரிசி, பருப்பு, சீனி, பால்மா எல்லாம் கொழும்புச் சரக்கு. லொறிக்கூலி ஏறித்தான் போகிறது. சமையல் எரிவாயுவுக்கு லிட்ரோ நிறுவனம் மாவட்டத்துக்கு மாவட்டம் விலை போடுகிறது. அதில் கொழும்பு விலைதான் குறைவு. எல்லாம் கூட்டியபோது புத்தளத்தில் 88,000 வந்தது. வித்தியாசம் ஏழாயிரம் மட்டுமே. நானா நம்பவில்லை. மறுபடியும் கூட்டச் சொன்னார்.

இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் ஒருவரின் அடிப்படைத் தேவைக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்பதை மாவட்ட ரீதியாக வெளியிடுகிறது. 2024இல் வந்த கணக்குகளில் கொழும்பு மேலேயும் மொனராகலை கீழேயும் இருந்தன. இரண்டுக்கும் இடைவெளி தலைக்கு இரண்டாயிரம் ரூபா அளவுதான். இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் எழுதி முடித்த முகத்திமாவில் இதனைக் கவனித்திருக்கிறார். சனத்தொகை கூடிய நகரத்தில் தானியம் போன்ற அவசிய உணவு மலிவாகக் கிடைக்கும், ஆடம்பரப் பொருளும் ஆட்கூலியும்தான் விலை கூடும், சிறிய ஊரில் உணவே விலை ஏறக்கூடும் என்பது அவரது கருத்து. அரிசி விற்கும் எமது சகோதரர்களுக்கு இது புதிதல்ல.

மின்சாரக் கட்டணம் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் புத்தளத்து வெயிலுக்கு மின்விசிறி இரவு பகலாகச் சுழல வேண்டும். தண்ணீர் வேறு விடயம். பட்டினத்தில் குழாய் இருக்கிறது. வெளியே போனால் கிணறு. சில இடத்தில் தண்ணீர் உவர். கற்பிட்டிப் பக்கம் பசளை இறங்கிய கிணறுகள் பற்றி ஆய்வாளர்கள் பல காலமாக எச்சரித்து வருகிறார்கள். ஆகவே குடிதண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். மின்சாரம், தண்ணீர், எரிவாயு சேர்த்துக் கொழும்பில் 14,000, அங்கே 16,000.

படிப்புச் செலவில் புத்தளம் வென்றது. இங்கே பாடசாலை வானுக்கும் டியூசனுக்கும் 36,000 போகிறது, அங்கே 20,000. புத்தளம் ஸாஹிரா தேசிய பாடசாலை. காஸிமிய்யா போன்ற பழைய அரபுக் கல்லூரிகளும் அங்கே உண்டு. இன்னொரு இலாபத்தை எம்மவர்கள் யோசிப்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. புத்தளம் அந்த வசதி குறைந்த பட்டியலில் இருக்கிறது. உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்று பார்ப்பதால் கடைசி நேரத்தில் ஓடிப்போய்ப் பலனில்லை. நானாவின் மூத்த மகள் பத்தாம் ஆண்டு; அவளுக்கு நேரம் இருந்தது. இந்த இடத்தில்தான் நானாவின் முகம் தெளிந்தது.

வைத்தியச் செலவு அதை மறுபடி வாட்டியது. உம்மாவுக்கு மாதாமாதம் கொழும்பில் கிளினிக். புத்தளத்தில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது; அவருடைய இருதய வைத்தியர் இங்கே இருக்கிறார். வான் பிடித்து வந்து போக 8,000. ஆக, 12,000 ஆக இருந்த மருந்துச் செலவு 20,000. அத்துடன் கிராண்ட்பாஸில் நடந்தே போகும் கடை, பள்ளிவாசல், மருந்துக்கடை எல்லாம் அங்கே மோட்டார் சைக்கிளில் அல்லது முச்சக்கர வண்டியில். போக்குவரத்து 6,000 என்றிருந்தது 15,000 ஆகியது.

புதிய வாடகையோடு கிராண்ட்பாஸ் மொத்தம் 228,000. புத்தளம் 184,000. மாதம் 44,000 மிச்சம்! மகன் அன்றைக்கே சாமான் கட்டத் தயாராகிவிட்டான்.

ஆனால் கடை எங்கே? நானாவுக்குப் பொலித்தீன், கடதாசிப் பை மொத்த வியாபாரம், லேயாட்ஸ் புரோட்வேப் பக்கம். குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டுக் கொழும்பில் கடை நடத்துவது எம்மவருக்குப் புதிதல்ல. மாவனல்லை, அக்குறணை, பேருவளை, புத்தளத்து ஆட்கள் தலைமுறையாகச் செய்கிறார்கள். கடை மாடியில் படுத்து, வியாழன் பின்னேரம் பஸ் ஏறி, சனிக்கிழமை சுபஹுக்கு முன் திரும்புகிறவர்கள். அந்த வாழ்க்கைக்கு ஒரு விலை உண்டு. பங்கு அறைக்கு 15,000, ஹோட்டல் சாப்பாட்டுக்கு 27,000, வாராந்த பஸ் 7,000, மொத்தம் 49,000. வீட்டில் அவர் சாப்பிடாததால் மிஞ்சும் 11,000 ரூபாவைக் கழித்தால் 38,000. நாற்பத்து நாலாயிரம் மிச்சம் ஆறாயிரமாகச் சுருங்கிவிட்டது. ஆறாயிரம் ரூபாவுக்காக வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளின் முகம் பார்க்காமல் இருப்பதா என்று மதினி கேட்டார். நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை.

அமெரிக்காவில் நாட்டுப்புற மாவட்டங்களுக்குக் குடிபெயர்கிறவர்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். வீட்டுச் செலவு வருமானத்தில் 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அங்கே பழைய அளவுகோல். மலிவு வீடு தேடி வெகுதூரம் போனவர்களின் பணத்தைக் கார் தின்றது. அதனால் வீட்டையும் போக்குவரத்தையும் சேர்த்து 45 வீதத்துக்குள் வருகிறதா என்று பார்க்கும் முறையை சிக்காகோவில் ஓர் ஆய்வு நிறுவனம் கொண்டுவந்தது. நானாவின் கொப்பியில் அதைப் போட்டுப் பார்த்தேன். கிராண்ட்பாஸில் வாடகை 65, போக்குவரத்து 6, ஆக 71 ஆயிரம். புத்தளத்தில் வாடகை 25, போக்குவரத்து 15, கொழும்பு அறை 15, பஸ் 7, ஆக 62 ஆயிரம். வாடகையில் நாற்பதாயிரம் வித்தியாசமாகத் தெரிந்தது ஒன்பதாயிரமாக நின்றது.

கடையையும் கொண்டுபோனால்? இதைத்தான் வியாபாரிகள் ஊன்றிப் படிக்க வேண்டும். நானாவின் கையிருப்பு 25 இலட்சம். கிராண்ட்பாஸில் அந்தச் சரக்கு மாதம் மூன்று தடவை புரள்கிறது. புறக்கோட்டை ஒரு பக்கம், பேலியகொடை மெனிங் சந்தை மறுபக்கம்; பை வேண்டாத வியாபாரி யார்? ஒரு தடவைக்கு ஐந்து வீத இலாபம்தான், ஆனால் மூன்று தடவையில் 375,000. கடை வாடகை, பையன் சம்பளம், இதர செலவு 135,000 போனால் கையில் 240,000. புத்தளத்தில் விசாரித்தபோது பத்து வீதம் வைக்கலாம் என்றார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அதே சரக்கு மாதம் ஒரு தடவைதான் புரளும். 250,000. கடைச் செலவு 70,000 கழித்தால் 180,000. வீட்டுச் செலவோ 184,000. வீத இலாபத்தைப் பார்த்து ஊர் மாறியவர்கள் பலர் முதல் கரைந்து திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். உப்பு, இறால், வெங்காயம் எல்லாம் பருவத் தொழில். அறுவடை வரைக்கும் கடன் கொடுக்காதவரிடம் ஊரில் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதும் உண்டு.

கணக்கில் வராதவையும் இருக்கின்றன. விசாலமான வீடு, நல்ல அண்டைவீட்டார், வசதியான வாகனம் ஆகியவற்றை மனிதனின் பாக்கியங்களில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். இரண்டு அறையில் ஆறு பேர் நெருங்கிக் கிடக்கும் வீட்டில் பெண் பிள்ளைகள் வளர்வதை நினைத்தால் அந்த முற்றம் பெரிய விடயம். புத்தளம் பட்டினம் பள்ளிவாசல்களும் மக்தபுகளும் நிறைந்த ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெறுங்கையோடு விரட்டப்பட்டு வந்த எமது மக்களுக்கு இடம் கொடுத்த ஊர். ஆனால் குறை இல்லாத ஊரும் அல்ல. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் தூசு பற்றி அப்பகுதியினர் முறையிடுகிறார்கள். 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட பிறகு கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்கு ஏற்ற முனைந்தபோது, 2018இலும் 2019இலும் புத்தளத்தவர் வீதிக்கு இறங்கினார்கள். நாங்கள் போவதற்கு முன்னரே எமது குப்பை போகப் பார்த்திருக்கிறது. வெள்ளமும் அப்படியே. நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோலைப் பார்த்துப் பழகிய எமக்கு ஆறுதான் பயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது களனி கரையும் மூழ்கியது, புத்தளம் மாவட்டமும் மூழ்கியது.

காணி வாங்கிப் போடலாம் என்று தரகர் ஒருவர் ஒட்டிக்கொண்டார். பேர்ச் விலை கேட்டால் யாருக்கும் ஆசை வரும். உறுதியைக் காட்டச் சொன்னபோது அவர் எடுத்தது அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் கொழும்பு வியாபாரிகள் இருக்கிறார்கள். உறுதியை எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போகாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

கடைசியில் உம்மாவிடம் கேட்டோம். "ஒங்கட வாப்பா மாளிகாவத்தை மையவாடியில இருக்கிறார். நான் புத்தளத்தில என்ன செய்யிற?" என்றார். அதற்குக் கொப்பியில் நிரல் இல்லை.

நானா வீட்டு உரிமையாளரிடம் போனார், கொப்பியோடு. மூன்று தடவை பேசி 55,000க்கும் ஆறு மாத முற்பணத்துக்கும் இரண்டு வருடத்துக்குச் சம்மதம். இம்முறை நொத்தாரிசு முன்னிலையில் எழுதினார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அப்படி எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நில்லாது என்பது 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து இருக்கும் விதி. பத்தொன்பது வருடம் வாய்ப்பேச்சில் குடியிருந்ததனால்தான் ஒரு கடிதத்துக்கு நடுங்க வேண்டி வந்தது.

மகன் மட்டும் போயிருக்கிறான். ஐந்து இலட்சத்துக்குச் சரக்கு, ஒரு சிறிய வாடகைக் கடை, ஒரு வருடத் தவணை. ரமழானும் ஒரு அறுவடையும் அதற்குள் வந்து போகும். கொப்பி இப்போது அவனிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வியாழனும் வாப்பாவுக்குக் கணக்கு வருகிறது. நான்காவது வாரத்தில் விற்பனை நாங்கள் நினைத்ததைவிடக் கூடுதல். அதில் பாதிக்கு மேல் கடன்.