உறைகுளிரில் உணவு

வற்றல், கருவாடு, ஊறுகாய் ஆகியவை ஒரே அடிப்படையில் உருவானவை. வெயில் உணவிலுள்ள நீரை வெளியேற்றுகிறது. உப்பு அந்நீரை நுண்ணுயிரிகளுக்குப் பயன்படாதவாறு பிணைத்துக்கொள்கிறது. நீரின்றி நுண்ணுயிரிகள் பெருகுவதில்லை. சமைத்த உணவை உறையவைத்துக் காக்கும் முறையும் இவ்வழியில் வந்ததே. இங்கு நீர் உணவைவிட்டு நீங்குவதில்லை. பனிக்கட்டியாகி அங்கேயே கட்டுண்டு கிடக்கிறது.

எனினும், வீடுகளில் ஃபிரீசர் என்று வழங்கும் உறைபெட்டி குறித்துத் தவறான நம்பிக்கை ஒன்று பரவியுள்ளது. உறைகுளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்பதே அது. உண்மையில், −18° செல்சியசில் பெரும்பாலான கிருமிகள் பெருகாமல் உறங்குகின்றன. பனி உருகியதும் விழித்துக்கொள்கின்றன. கெடத் தொடங்கிய சாம்பாரை உறையவைத்தால், ஒரு மாதம் கழித்துக் கெடத் தொடங்கிய சாம்பாரே திரும்பக் கிடைக்கும். எனவே, உறைபெட்டிக்குள் நிகழ்வதைவிட, அடுப்பிலிருந்து இறக்கியபின் அதற்குள் செல்லும்வரை நிகழ்வதே முதன்மையானது.

ஆறும் நேரம்

கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீடுகளில், ஞாயிறன்று வாரம் முழுமைக்கும் சமைத்துவைக்கும் வழக்கம் பெருகிவருகிறது. ஆழமான பாத்திரம் நிறையக் குழம்பு வைத்து, இரவு முழுவதும் மேடையிலேயே ஆறவிட்டுக் காலையில் உறையவைப்போர் உண்டு. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 5° முதல் 60° செல்சியஸ் வரையிலான வெப்பநிலை கிருமிகள் செழிக்கும் எல்லை. பாத்திரத்தின் புறம் ஆறியபின்னும் நடுப்பகுதியில் வெதுவெதுப்பு பல மணி நேரம் நீடிக்கும்.

சோற்றில் இது மேலும் கவனிக்கத்தக்கது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைப்பவை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கக்கூடும்; அந்நச்சுகளுள் ஒன்று மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. 'ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்' என்னும் நம்பிக்கை இங்குப் பொய்த்துப்போகிறது.

பால் பாத்திரத்தை நீர் நிறைந்த தட்டில் வைத்து ஆற்றும் பழைய வழக்கமே இதற்கு நல்ல தீர்வு. குழம்புப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீருள்ள அகன்ற பாத்திரத்தில் இறக்கிக் கிளறலாம். சோற்றை அகன்ற தட்டில் மெல்லப் பரப்பலாம். சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் உணவு குளிர்பெட்டிக்குள் சென்றுவிட வேண்டும். கொதிக்கும் குழம்பை நேரே உறைபெட்டியில் வைப்பதும் தவறு. அருகில் உறைந்திருக்கும் உணவுகளையும் அது இளகச் செய்துவிடும்.

படிகமும் பாத்திரமும்

அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்சை 1912-ஆம் ஆண்டு கனடாவின் லாப்ரடார் பகுதிக்குச் சென்றார். அங்கு இன்யூட் மக்கள் பிடித்த மீன்கள் கடுங்குளிர்க் காற்றில் உடனடியாக உறைந்துபோவதையும், பல வாரங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுமீன்போல் சுவைப்பதையும் கண்டார். மெதுவாக உறையும்போது பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து திசுக்களைக் கிழிக்கின்றன. விரைவாக உறைந்தால் அவை சிறியனவாகவே நின்றுவிடுகின்றன. உறையுணவுத் தொழில் இந்த உண்மையின்மேல் எழுந்தது.

வீட்டு உறைபெட்டியில் லாப்ரடாரின் குளிர் இல்லை. அக்குறையை ஓரளவு ஈடுசெய்வது பாத்திரத்தின் வடிவமே. மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரத்திற்கு மேற்படாத தட்டையான பாத்திரத்தில் குளிர் நடுப்பகுதியை விரைவில் எட்டும். தடித்த நெகிழிப்பையில் குழம்பை ஊற்றித் தட்டின்மேல் படுக்கவைத்து உறையச்செய்தால் இன்னும் நல்லது. உறைந்தபின் பைகளைப் புத்தகங்களைப்போல் அடுக்கிவைக்கலாம்.

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. விளிம்புவரை நிரப்பிய கண்ணாடிப் புட்டி வெடிப்பதற்கு இதுவே காரணம். தோள் குறுகிய ஊறுகாய்ப் புட்டி இதற்கு அறவே ஏற்றதன்று. நேரான பக்கங்களும் அகன்ற வாயும் கொண்ட தடித்த கண்ணாடிப் பாத்திரத்தில், மேலே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பலாம். கண்ணாடியில் விரிசல் கண்டால், உள்ளிருப்பது எவ்வளவு நல்ல குழம்பாயினும் கொட்டிவிட வேண்டியதுதான்.

எவர்சில்வர் டப்பா உடையாது. குளிரை விரைவாகக் கடத்தும். அதன் மூடி காற்றுப் புகாதவாறு இறுகுவதில்லை என்பதே குறை. புளிக்குழம்புக்கும் தக்காளித் தொக்குக்கும் அலுமினியம் ஆகாது. புளிப்பு அவ்வுலோகத்தை அரிக்கும். பனிக்கூழ் வாங்கிவந்த மெல்லிய டப்பாக்கள் பல இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. அவை சூடான உணவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. குளிரில் விறைத்து எளிதில் கீறலும் விடும்.

காற்றைத் தடுப்பது ஏன் தேவை? பனிக்கட்டி நீராகாமலே நேரடியாக ஆவியாகும் இயல்புடையது. சரியாக மூடாத இட்லியின் ஓரங்கள் வெளுத்து வறண்டுபோவது இதனால்தான். இதனைக் குளிர் போடும் வற்றல் எனலாம். அவ்வாறு வறண்டது கெட்டுப்போனதன்று. சுவை மட்டுமே குன்றியிருக்கும். பையின் வாயைச் சிறிது திறந்தபடி நீருள்ள பாத்திரத்தில் மெல்ல அமிழ்த்தினால், நீரின் அழுத்தம் காற்றை வெளியே தள்ளிவிடும். பின்னர் வாயை மூடிக்கொள்ளலாம்.

எல்லா உணவும் உறைகுளிருக்கு இசைவதில்லை. குருமாவிலுள்ள உருளைக்கிழங்கு பஞ்சுபோலாகும், மோர்க்குழம்பு திரிந்துபோகும், அவித்த முட்டையின் வெண்கரு ரப்பர்போல் இறுகும். இட்லி, சப்பாத்தி, பருப்பு, கறிக்குழம்பு ஆகியவை நன்கு தாங்கும். சோறு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இருப்பதைவிட உறைபெட்டியில் இருந்தால் மென்மை குன்றாதிருக்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். மாவுச்சத்து விரைவாக விறைப்பது உறைநிலைக்குச் சற்று மேலுள்ள குளிரில்தான்.

எடுக்கும்போது

ஒரு பையில் ஒரு வேளைக்கானதை மட்டும் வைத்து, பெயரும் நாளும் எழுதி ஒட்டுவது நன்று; உறைந்தபின் சாம்பாருக்கும் காரக்குழம்புக்கும் வேறுபாடு தெரிவதில்லை. எடுத்ததை மேடையில் வைத்து இளகவிடுவது, கடந்துவந்த ஆபத்தான வெப்ப எல்லைக்குள் உணவை மீண்டும் கொண்டுசேர்ப்பதாகும். முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றலாம். அல்லது உறைந்த நிலையிலேயே சட்டியிலிட்டு நன்கு கொதிக்கவிடலாம்.

மின்தடை நீளும்போது உறைபெட்டியைத் திறக்காதிருப்பதே முதல் காப்பு. வெளியூர் சென்று திரும்புவோர், தாம் இல்லாதபோது மின்சாரம் நெடுநேரம் நின்றிருந்ததா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, பனிக்கட்டியின்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் உணவைச் சமைக்கலாம். நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், பனி ஒருமுறை முழுதும் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. உறைபெட்டியிலுள்ள குழம்பும் சோறும் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உண்ணத்தக்கவை அல்ல.