மேற்கு ஆப்பிரிக்கப் பயணம்: புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும்

கடல் கடந்து பொருள் தேடுவது இராமநாதபுரம் மாவட்டத்தினருக்குப் புதிதன்று. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் செல்வோரே மிகுதி எனினும், கப்பல் பணி, கட்டுமானம், வணிகம் ஆகியவற்றின் பொருட்டு கானா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வோரும் உளர். வளைகுடாப் பயணத்திற்குத் தேவைப்படாத சில மருத்துவ முன்னேற்பாடுகள் இப்பயணத்திற்கு இன்றியமையாதவை. அவற்றுள் இரண்டு முதன்மையானவை: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியாத் தடுப்பு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

மஞ்சள் காய்ச்சல் என்பது நாம் அறிந்த மஞ்சள் காமாலை அன்று. ஏடிஸ் கொசு பரப்பும் ஒரு வைரசு நோய். இதற்கெனத் தனி மருந்து இல்லை, தடுப்பூசியே காப்பு. 9 மாதம் நிறைந்த எவரும் இத்தடுப்பூசிச் சான்றின்றிக் கானாவிற்குள் நுழைய இயலாது. ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பின்னரே சான்று செல்லுபடியாகும். 2016 முதல் அது வாழ்நாள் முழுமைக்கும் ஏற்கப்படுகிறது.

தாயகம் திரும்பும்போதும் அச்சான்று தேவை. இந்தியாவில் இந்நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு எங்கும் உண்டு. ஆகவே, நோயுள்ள நாட்டிலிருந்து சான்றின்றி வருவோர் 6 நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படுவர்.

அரசு ஏற்பளித்த மையங்களில் மட்டுமே இவ்வூசியும் சான்றும் வழங்கப்படும். நமக்கு அண்மையிலுள்ளது தூத்துக்குடித் துறைமுக நலவாழ்வு அலுவலகம். சென்னையில் கிண்டி கிங் நிலையம் உள்ளது. குறிப்பிட்ட நாள்களிலேயே ஊசி போடப்படுமாதலால், முன்னரே விசாரித்து, கடவுச்சீட்டுடன் செல்க.

இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரசால் ஆன தடுப்பூசி. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 60 வயது கடந்தோர், முட்டை ஒவ்வாமை உடையோர், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளிலோ இருப்போர் மருத்துவரைக் கலந்தாலோசித்த பின்னரே மையத்திற்குச் செல்ல வேண்டும்.

நாம் அறிந்த மலேரியாவும் அங்குள்ள மலேரியாவும்

இராமேசுவரம் தீவுக்கு மலேரியா புதிய நோயன்று. சவுக்குத் தோப்புகளில் நீர் எடுக்கத் தோண்டப்படும் மணற்குழிகளிலும் கிணறுகளிலும் அனாபிலிஸ் கொசு பெருகுவதை இவ்வட்டாரத்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. "குளிர்காய்ச்சல்தானே, மாத்திரை உண்டால் தீரும்" என்னும் எண்ணம் இங்குப் பலரிடம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கா செல்வோர்க்கு இவ்வெண்ணமே பேரிடராக முடியும்.

நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படுவது வைவாக்ஸ் வகை. அது கல்லீரலில் மறைந்திருந்து மீண்டும் மீண்டும் வருமேயன்றி, உயிரைப் பறிப்பது அரிது. மேற்கு ஆப்பிரிக்காவில் மேலோங்கியிருப்பது ஃபால்சிபாரம் வகை. அது மூளை, சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கும். சிகிச்சை தாமதமானால் ஓரிரு நாள்களில் நிலைமை கைமீறலாம். முன்பு இங்கு மலேரியா கண்டவர் என்பதனால் அங்குக் காப்பு கிடைத்துவிடாது. நமக்குப் பழக்கமான குளோரோகுயின் மாத்திரையும் அவ்வகைக்கு எதிராகப் பயன்படாது.

எனவே, தடுப்பு மாத்திரை அவசியம். நாள்தோறும் உண்ணும் டாக்சிசைக்ளின் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் 4 வாரங்கள் வரை தொடரப்பட வேண்டும். அடோவாகுவோன்–புரோகுவானில் மாத்திரையைத் திரும்பிய பின் 7 நாள்கள் தொடர்ந்தால் போதும். வாரம் ஒரு முறை உண்ணும் மெஃப்லோகுயினும் உண்டு. வலிப்பு நோயோ மனநோயோ உடையோர்க்கு அது ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் ஆகாது. எது தமக்குரியது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஊர் வந்துவிட்டோம் என்று மாத்திரையை இடையில் நிறுத்துதல் கூடாது.

மாத்திரை மட்டும் போதாது. அனாபிலிஸ் அந்தி முதல் விடியல் வரை கடிப்பதால், மருந்தூட்டிய கொசுவலைக்குள் உறங்குதலும் முழுக்கை ஆடையும் கொசு விரட்டிக் களிம்பும் தேவை.

பிற ஏற்பாடுகள்

பயணத்திற்கு 6 வாரங்கள் முன்னரே மருத்துவரைக் காண்க. டைஃபாய்டு, கல்லீரல் அழற்சித் தடுப்பூசிகள் குறித்தும், கானாவின் வட பகுதிக்குச் செல்வதாயின் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி குறித்தும் கேட்டறிக. நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகள் பயணக் காலத்திற்கும் சற்று மேலாகவே மருந்துகளை, மருந்துச் சீட்டின் நகலுடன், கைப்பையில் கொண்டு செல்ல வேண்டும். சரக்காக ஏற்றும் பெட்டியில் இன்சுலினை வைத்தால் அது உறைந்து பயனிழக்கக்கூடும். அங்குக் கொதிக்க வைத்த நீரையோ மூடி முத்திரையிட்ட நீரையோ பருகுக. உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை உடன் வைத்திருங்கள்.

திரும்பிய பின்: குடும்பத்தினர் கவனத்திற்கு

கொசு கடித்து ஏறத்தாழ ஒரு வாரத்திற்குப் பின்னரே ஃபால்சிபாரம் காய்ச்சல் தோன்றும். பெரும்பாலும் 3 மாதங்களுக்குள் வெளிப்படும். தடுப்பு மாத்திரை உண்டவர்க்கும் அது வரக்கூடும். ஆகவே, திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எந்நாட்டிலிருந்து, எப்போது திரும்பினார் என்பதை முதலில் கூறுங்கள். இதைக் கூறாவிடில், டெங்கு அல்லது சாதாரணக் காய்ச்சல் என்று கருதிப் பொன்னான நேரம் வீணாகலாம்.

முதல் இரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாவிடினும் ஐயம் நீங்கிவிடாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று தோன்றினும் இரவென்றும் பாராது விரைந்து வருக:

• அளவிறந்த உறக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு
• மூச்சுத் திணறல்
• இடைவிடாத வாந்தி
• கண்கள் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தோ மிகக் குறைந்தோ போதல்

உரிய நேரத்துச் சிகிச்சை நோயாளியை மட்டுமன்றி அண்டை வீட்டாரையும் காக்கும். அவர் இரத்தத்திலுள்ள கிருமியை நம் பகுதிக் கொசுக்களும் பிறர்க்குப் பரப்பக்கூடும்.