பாட்டுக்குப் பின்னால் நிற்கும் இசை

இலக்கியம் பேசும் இந்த வரிசையில் திரைப்பட இசைத்தட்டுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். இடம் உண்டு என்பதே என் எண்ணம்.

நம்மிடையே இசைத்தட்டுச் சேர்ப்போர் பலர். பெரும்பாலும் அவர்கள் சேர்ப்பது பாட்டுகளை. நான் சொல்ல வந்தது பாட்டுக்குப் பின்னால் நிற்கும் இசையைப் பற்றி. கதாபாத்திரம் வாய் திறவாமல் நிற்கும்போது அதன் மனத்தைச் சொல்லும் பின்னணி இசை அது. ஒரு படத்திற்கு ஐந்தாறு பாட்டுகள் அமைக்கும் இசையமைப்பாளர், அதே படத்திற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பின்னணி இசை எழுதுவதுண்டு. பாட்டு வீட்டுக்கு வந்தது. பின்னணி இசை தியேட்டரிலேயே தங்கிவிட்டது.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த இசையின் தொழிலை விளக்குவது எளிது. தொல்காப்பியர் கருப்பொருளை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தார். குறிஞ்சிக்கு ஒரு யாழ், முல்லைக்கு வேறொரு யாழ். தலைவியின் துயரைச் சொல்லுமுன்பே அவள் நிற்கும் நிலத்தின் ஓசையைக் கேட்கச் செய்வது நம் பழைய மரபு. பின்னணி இசை செய்வதும் இதைத்தான்.

அப்படியாயின் அது ஏன் தட்டில் ஏறவில்லை? முதற்காரணம் தட்டின் அளவு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டு ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். பாட்டு அந்த அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. விட்டு விட்டு வரும் பின்னணி இசையால் அது முடியவில்லை. 1948இல் நீண்டநேரத் தட்டு வந்து, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அந்த இடத்தையும் நம்மவர்கள் பாட்டாலேயே நிரப்பினார்கள். வானொலி கேட்டதும் பாட்டைத்தான். எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்த 'அந்த நாள்' 1954இல் பாட்டே இல்லாமல் வெளிவந்தது. துணிச்சலான அந்தப் படத்தை வானொலி நேயர் விருப்பத்தில் கேட்க வழியில்லாமற் போயிற்று.

மேல்நாட்டிலும் இந்த வழக்கம் உடனே பிறந்துவிடவில்லை. கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' 1942இல் படமானபோது அதற்கு மிக்லோஸ் ரோஸா அமைத்த இசை அரக்குத் தட்டுகளாக வெளிவந்தது. பாட்டுப் படமல்லாத ஒன்றின் வாத்திய இசை தட்டாக விற்பனைக்கு வந்ததற்கு ஆரம்பகால உதாரணமாக இதைச் சொல்வார்கள். அந்தத் தட்டில் இசை தனியே வரவில்லை. மைசூரில் பிறந்த யானைப்பாகன் மகனான நடிகர் சாபு கதை சொல்ல, அதன் கீழே இசை ஓடியது.

நமது கதைவசனத் தட்டுகள் இங்கே நினைவுக்கு வருகின்றன அல்லவா? 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' முதலிய படங்களின் வசனங்கள் தட்டுகளாக வந்து திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் முழங்கின. 1984இல் 'விதி' படத்தின் நீதிமன்ற வசனம் ஒலிநாடாவாகத் தேநீர்க் கடைகள் தோறும் ஒலித்தது. வசனத்திற்காக வாங்கப்பட்ட இவற்றை நான் வேறொரு காரணத்துக்காகப் பத்திரப்படுத்துகிறேன். சிவாஜியின் குரலுக்கும் நாகேஷின் குரலுக்கும் இடையில் விழும் இடைவெளியில் கே.வி. மகாதேவனின் வாத்தியங்கள் கேட்கின்றன. பின்னணி இசையைத் தனித் தட்டாக வெளியிடாத காலத்தில், வசனத்தின் நிழலில் அது ஓரளவு தப்பிப் பிழைத்தது.

பிலிமத்தலாவையில் இருந்துகொண்டு இந்த இசையைத் தேடுபவனுக்கு ஒரு சலுகை உண்டு. உலகறிந்த இரண்டு படங்கள் இந்த மலைநாட்டு மண்ணில் எடுக்கப்பட்டவை. டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' 1957இல் வெளிவந்தது. அதன் பாலம் கித்துல்கலையில் களனி ஆற்றின் மேல் கட்டப்பட்டது. கைதிகள் சீழ்க்கையடித்து வரும் மெட்டு அந்தப் படத்துக்கென எழுதப்பட்டது என்று பலர் நினைப்பார்கள். அது கென்னத் அல்ஃபோர்ட் 1914இல் எழுதிய இராணுவ நடை. இசையமைப்பாளர் மல்கம் ஆர்னோல்ட் அதற்கு எதிராக இன்னொரு நடையை எழுதி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டார். படத்தைப் பார்க்கும்போது கண் கைதிகளின் கிழிந்த சப்பாத்தில் நின்றுவிடுகிறது. தட்டில் கேட்கும்போதுதான் இரண்டு நடைகளும் பிரிந்து தெரிகின்றன. அந்த இசைக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது.

மற்றது ஸ்பீல்பேர்க்கின் 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்'. கண்டியைச் சுற்றி 1983இல் படமாக்கப்பட்டு மறு ஆண்டு வெளிவந்தது. ஹந்தானைச் சரிவில்தான் அதன் கிராமம் எழுந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படத்துக்கு ஜோன் வில்லியம்ஸ் அமைத்த இசையில் அன்றைய தட்டு சுமார் நாற்பது நிமிடத்தையே தந்தது. விரிவான பதிப்பு 2008இல்தான் இறுவட்டாக வந்தது. மீதியைக் கேட்கச் சேகரிப்போர் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள்.

கித்துல்கலைப் படப்பிடிப்பைக் கல்விச் சுற்றுலாவில் சென்று பார்த்த பள்ளி மாணவர்களில் மட்டக்களப்புச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவரைப் பின்னாளில் பாலு மகேந்திரா என்று அறிந்தோம். 1986இல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' என்ற வாத்திய இசைத் தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட அது எந்தப் படத்துக்கும் எழுதப்பட்டதல்ல. பாலு மகேந்திரா 1988இல் 'வீடு' படத்தைப் பாட்டில்லாமல் எடுத்தபோது, அந்தத் தொகுப்பிலிருந்தே பின்னணி இசையை எடுத்துக்கொண்டார். படத்திலிருந்து தட்டுக்கு வருவது வழமை. இங்கே தட்டிலிருந்து படத்துக்கு இசை போயிற்று. கட்டி முடியாத அந்த வீட்டைப் பார்த்தவர்கள் மீண்டும் தட்டைக் கேட்டால், வயலின் எழும்போது முதியவர் சொக்கலிங்க பாகவதரின் முகம் வந்து நிற்பதை உணர்வார்கள். பின்னணி இசை தனித்து நிற்கவல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பின்னாளில், 2013இல், மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்திற்கு இளையராஜா அமைத்த பின்னணி இசையே தனித் தொகுப்பாக வெளியானது.

இதையெல்லாம் ரசனையாளனின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இலங்கையில் வாழ்பவர்களுக்கு இதில் இழப்பின் கதையும் உண்டு. சினிமாஸ் நிறுவன அதிபர் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமாக ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலை வன்செயலில் எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்கள் பல சாம்பலாயின. தமிழர் ஒருவர் தயாரித்த சிங்களப் படங்களே அந்தத் தீயில் மிகுதியாக அழிந்தன என்பது நினைக்கத்தக்கது. நாகர்கோவிலில் பிறந்து இங்கே வந்து, சிங்களப் படங்களுக்கும் 'குத்துவிளக்கு' போன்ற ஈழத்துத் தமிழ்ப் படங்களுக்கும் இசையமைத்தவர் ஆர். முத்துசாமி. அவர் போன்றோரின் பாட்டுகள் தட்டிலும் வானொலி நூலகத்திலும் இருந்தபடியால் இன்றும் கேட்கின்றன. காட்சிகளுக்கென அவர்கள் எழுதிய பின்னணி இசைக்குப் படச்சுருளைத் தவிர வேறு வீடு இல்லை. சுருள் எரிந்தால் அதுவும் எரியும். யாழ்ப்பாணத்தில் 1981இல் நூல்களுக்கு நேர்ந்ததை அறிந்த நமக்கு, ஒரே பிரதி என்பதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கையில் இருப்பதைக் காப்பது முதற்கடமை. எங்கள் மலைப் பகுதியின் ஈரம் நெருப்பைப் போல் அவசரப்படாது, ஆனால் விடாது. காகித உறை ஈரத்தை உறிஞ்சித் தட்டில் பூஞ்சணம் பூக்கச் செய்யும். தட்டுகளை அடுக்கிப் படுக்கவைக்காமல், நூல்களைப் போல் நிறுத்திவைக்க வேண்டும். அரக்குத் தட்டை மதுசாரம் கலந்த எதனாலும் துடைக்கலாகாது, அரக்கு கரையும். ஒலிநாடாவை இடைக்கிடை முழுவதும் ஓட்டி எடுத்தால் சுருள் ஒட்டிக்கொள்ளாது. உறையை மட்டும் எறியவேண்டாம். வாசித்தவர், எழுதியவர், பதிவுசெய்தவர் பெயர்கள் பல சமயம் அங்கே மட்டுமே இருக்கும்.

இரண்டாவது கடமை பிரதி எடுத்தல். 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் பேணிவருகிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஈழத்துத் தமிழ்ப் படத்தின் தட்டோ, வசன ஒலிநாடாவோ கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். வசனம் நிற்கும் இடத்தில் காதைக் கூர்மையாக்குங்கள். அங்கே கேட்கும் நான்கு வயலின்களுக்கு நாட்டில் வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம்.